சிறு கம்பெனியும் இறைக்கடனும்

'இறை' என்னும் ஒரு சொல் நந்தமிழில் கடவுளையும், அரசனையும், அவ்வரசனுக்குக் குடிகள் இறுக்கும் வரியையும் ஒருங்கே குறிப்பதாகும். இறுக்கப்படுவது இறை. இலக்கியம் பயிலும் மாணவனாகிய யான் இச்சொல்லின் முதலிரண்டு பொருள்களையே கருதி மகிழ்ந்திருந்தேன். மூன்றாம் பொருள் எம் இல்லத்தின் வாயிலில் வந்து நின்றபொழுதுதான் அதன் வன்மையை உணர்ந்தேன். இக்கலாசாலையில் என்னுடன் பயிலும் நண்பர் பலர் நாளை ஒரு பட்டறைக்கோ, அச்சகத்துக்கோ, சிறு ஆலைக்கோ உரிமையாளர் ஆகலாம். பழைய மாணவருள் பலர் முன்னரே ஆகியிருக்கலாம். அவர்க்குப் பயன்படுமென்னும் துணிவாலேயே இலக்கியப் பொருளை விடுத்து இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

என் சிற்றப்பா இரும்புப் பீரோ செய்யும் பட்டறையொன்றைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்து நடத்திவந்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவர் காலமானபின், அவர் எழுதிவைத்த உயிலின்படி பங்குகளிற் பெரும்பகுதி என் தமையனாருக்கு வந்தது. எஞ்சியவை சித்தியாருக்கு ஆயின. இருவரும் டைரக்டர்கள் ஆயினர். மரணத்தால் வரும் சொத்துக்கு இந்தியாவில் முன்பு விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985-இல் நீக்கப்பட்டுவிட்டமையால், பங்குகளைப் பெற்றதற்கென வரி யாதும் இல்லை. தமையனார் பொறியியல் கற்றவர். தகட்டின் கனத்தைக் கையாலேயே அளந்து கூறுவார். வரியைப்பற்றி அவர் அறிந்தது யான் அறிந்த அளவே. அஃதாவது, ஒன்றுமில்லை.

அவர் செய்த பிழைகள் இரண்டு. இரண்டும் நல்லெண்ணத்தாற் செய்தவையே. அவற்றை விளக்குவதற்குமுன் அடிப்படை உண்மையொன்றைக் கூறுதல் வேண்டும்.

கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தனியொரு ஆள். அதற்குக் கையில்லை, காலில்லை. ஆயினும் பெயர் உண்டு, பான் எண் உண்டு, வங்கிக்கணக்கு உண்டு, கடன் உண்டு. பங்கு வைத்திருப்பவன் வேறு, கம்பெனி வேறு. இங்கிலாந்தில் ஆரன் சாலமன் என்னும் காலணி வணிகர் தம் தொழிலை 1892-இல் ஒரு கம்பெனிக்கு விற்றார். பங்குதாரர் அவரும் அவர் குடும்பத்தாருமே. தொழில் நொடித்தபொழுது, 'கம்பெனி என்பதும் சாலமன் என்பதும் ஒன்றே. ஆதலின் அவரே கடனை அடைக்க' என வழக்கு எழுந்தது. பிரபுக்கள் சபை 1896-இல் அவ்வாதத்தை மறுத்து, கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்த்தது. இந்திய நீதிமன்றங்களும் இக்கொள்கையையே தழுவின.

இக்கொள்கை உரிமையாளனுக்குக் கேடயமாவதுபோலவே தடையுமாகும். தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்கு 60 பங்கு விவசாய வருமானம் எனப்பட்டு மத்திய அரசின் வருமான வரிக்கு உட்படாதிருந்தது. அக்கம்பெனிகளின் பங்குதாரராகிய பம்பாய் அம்மையார் ஒருவர், தாம் பெற்ற இலாபப் பங்கிலும் நூற்றுக்கு 60 விவசாய வருமானமே என்று வாதித்தார். உச்ச நீதிமன்றம் 1954-இல் அதனை ஏற்கவில்லை. தோட்டம் கம்பெனியின் உடைமை. அம்மையாரின் உடைமை பங்கு மட்டுமே. பங்குதாரன் கம்பெனியின் சொத்துக்கு உரியவன் அல்லன் என்பது அத்தீர்ப்பின் சாரம். பச்சா எப். குஸ்தார் வழக்கு என்று அதனை வழக்கறிஞர் இன்றும் எடுத்துக் காட்டுவர்.

இனி, தமையனார் செய்த முதற்பிழையைக் கூறுவேன். எம் தமக்கையின் திருமணம் நெருங்கிற்று. கம்பெனியின் வங்கிக்கணக்கில் பணம் இருந்தது. 'என் கம்பெனி; என் பணம்; பின்னர்த் திருப்பிவிடுவேன்' என்று எண்ணித் தமையனார் 2 இலட்சம் ரூபாயைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஆண்டிறுதியில் ஆடிட்டர் கணக்கேட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிச்சட்டம் இதை இலாபப் பங்கு என்று படிக்கும்," என்றார்.

பொதுமக்கள் பெரிதும் பங்குகொள்ளாத கம்பெனி, வாக்குரிமையில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாத பங்குடையவர்க்குக் கடன் கொடுக்குமாயின், கம்பெனியிற் சேர்ந்துள்ள இலாபத்தின் அளவுக்கு அக்கடன் இலாபப் பங்காகவே கருதப்பட்டுப் பெற்றவரின் வருமானத்திற் சேர்க்கப்படும். பின்னர்த் திருப்பிச் செலுத்தினும் அவ்வரி நீங்காது. எம் கம்பெனியின் சேர்ந்த இலாபம் 2 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தமையால் முழுத்தொகையும் தமையனாரின் வருமானமாயிற்று.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த புறநானூற்றுப் பாட்டை நம் வகுப்பிற் பயின்றிருக்கிறோம். விளைவை அளவறிந்து உண்ணும் யானைக்குச் சிறு நிலமும் நெடுநாள் உணவளிக்கும். யானை தானே வயலிற் புகின் வாய் உண்பதினும் கால் அழிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. வரி கொள்ளும் அரசனுக்கே அதனை உவமையாகக் கேட்டுவந்தோம். சிறு கம்பெனியைப் பொறுத்தவரை அவ்யானை பெரும்பாலும் அரசு அன்று. உரிமையாளனே யானை என்பதை அன்று கண்டேன்.

அங்ஙனமாயின் உரிமையாளன் உண்பது எவ்வாறு? நேரிய வழிகள் பல உண்டு. டைரக்டராக உழைப்பதற்குச் சம்பளம் பெறலாம். அது கம்பெனியின் செலவாகக் கழிக்கப்படும், பெறுவோன் தன் வருமானத்திற் காட்டி வரி செலுத்துவான். தன் கட்டடத்திற் கம்பெனி இயங்கினால் வாடகை பெறலாம். தான் முன்பு கம்பெனிக்குக் கொடுத்த கடனைத் திரும்பப் பெறலாம். அது வருமானம் ஆகாது. எஞ்சிய இலாபத்திலிருந்து இலாபப் பங்கும் பெறலாம். ஆனால் இலாபப் பங்கு கம்பெனி தன் வரியைச் செலுத்தியபின் பகிர்வது. கம்பெனியே பங்கீட்டு வரி செலுத்தும் முறை 2020 ஏப்ரல் முதல் ஒழிந்தமையால், பெறுவோன் மறுபடியும் தன் பெயரில் வரி செலுத்துதல் வேண்டும். ஆதலின் எவ்வழியில் எவ்வளவு என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே ஆடிட்டருடன் கலந்து, டைரக்டர் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவைத்தல் அறிவுடைமை. ஆண்டு முடிந்தபின் எடுத்த பணத்துக்குப் பெயர் தேடுதல் பேதைமை.

நிற்க. கம்பெனி தன் பெயரிற் செலுத்தவேண்டிய வருமான வரியை நோக்குவோம். இந்தியாவில் வருமான வரியை முதன்முதற் கொணர்ந்தவர் ஜேம்ஸ் வில்சன், ஆண்டு 1860. நெடுங்காலம் வழங்கிய 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு மாணவரையும் வணிகரையும் ஒருங்கே மயக்கிய 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்னும் இரட்டை வழக்கை ஒழித்து 'வரி ஆண்டு' என ஒன்றாக்கியது அதன் நன்மைகளுள் ஒன்று. பிரிவு எண்கள் மாறினமையால் பழைய நூல்களை எண்ணைக்கொண்டு நம்புதல் கூடாது.

தனி மனிதனுக்கு உள்ளதுபோன்ற வரியில்லா வரம்பு கம்பெனிக்கு இல்லை. இலாபத்தின் முதல் ரூபாய்க்கே வரி உண்டு. சிறு வணிகர் விற்பனையில் ஒரு வீதத்தை இலாபமென மதிப்பிட்டுச் செலுத்தும் எளிய முறையும் கம்பெனிக்குப் பொருந்தாது. 2019-இல் வகுக்கப்பட்ட முறையொன்றை உள்நாட்டுக் கம்பெனி தேர்ந்துகொள்ளலாம். அதன்படி வரி நூற்றுக்கு 22. அதன்மேற் கூடுதல் வரி பத்தில் ஒன்று. இரண்டின்மேலும் நூற்றுக்கு 4 தீர்வை. ஆக நூற்றுக்கு 25.168. இதனைத் தேர்வோர் சில விலக்குகளையும் கழிவுகளையும் துறத்தல் வேண்டும். ஒருமுறை தேர்ந்தபின் மீளவும் இயலாது. கையொப்பமிடுமுன் ஆடிட்டரைக்கொண்டு இருவழியும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

இவ்வரியை ஆண்டிறுதியில் ஒருங்கே செலுத்தலாம் என்று கருதுவது தவறு. ஆண்டு வரி பத்தாயிரம் ரூபாயை எட்டுமாயின் முன்வரி செலுத்தவேண்டும். ஜூன் 15-க்குள் நூற்றுக்கு 15, செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுமையும் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். தவறின் வட்டி ஏறும். விற்பனை சிறிதாயினும் பெரிதாயினும், கம்பெனியாயின் கணக்குத் தணிக்கை கட்டாயம். ஒருவருக்கு ஒரே நாளிற் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாகக் கழிவாக ஏற்கப்படாது. ஆதலின் தகட்டுக்கடைக்குக் கட்டுநோட்டை நீட்டும் பழக்கத்தை எம் பட்டறையில் அடியோடு நிறுத்தினோம்.

இனித் தமையனாரின் இரண்டாம் பிழை. இதுவே எம் தாயாரின் கழுத்துச் சங்கிலியை அடகுக்கடைக்கு அனுப்பியது.

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடைபெறுகின்றது, ஜி.எஸ்.டி. என்றாலே யாவர்க்கும் விளங்கும். தமிழ்நாட்டிற் சரக்கு மட்டுமே விற்போர்க்கு ஆண்டு விற்பனை 40 இலட்சத்தையும், சேவை புரிவோர்க்கு 20 இலட்சத்தையும் கடந்தாற் பதிவு கட்டாயம். வேற்று மாநிலத்துக்குச் சரக்கு விற்பின் அவ்வரம்பு பொதுவாக உதவாது. இதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். பட்டறை 60,000 ரூபாய்க்குத் தகடு வாங்குகின்றது. நூற்றுக்கு 18 வீதம் 10,800 ரூபாய் வரியைத் தகட்டு வணிகருக்குக் கொடுக்கின்றது. அத்தகட்டாற் செய்த பீரோக்களை ஒரு இலட்சத்துக்கு விற்று, 18,000 ரூபாய் வரியை வாங்குவோரிடம் பெறுகின்றது. முன்பு கொடுத்த 10,800-ஐக் கழித்து எஞ்சிய 7,200-ஐ அரசுக்குச் செலுத்துகின்றது. மாதந்தோறும் கணக்குக் கொடுப்போர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் இதனைச் செலுத்தவேண்டும். தகட்டு வணிகர் தம் விற்பனையைத் தம் ரிட்டர்னிற் காட்டாவிடின் 10,800-ஐக் கழித்துக்கொள்ள இயலாது. அவருக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடாவிடினும் கழித்ததைத் திருப்பவேண்டும். நேர்மையான வணிகரிடமே வாங்குக என்னும் பழைய அறிவுரை இங்கே சட்டமாகவே அமைந்துள்ளது.

ஒரு மாதத்தில் எம் கம்பெனி செலுத்தவேண்டியிருந்த இவ்வரி 1,26,000 ரூபாய். மாத நடுவில் வங்கிக்கணக்கில் 1,40,000 இருந்தது. தமையனார் அதனைத் தொழிலின் பணமென்றே கருதி, 90,000 ரூபாய்க்கு வெல்டிங் இயந்திரம் ஒன்று வாங்கினார். வாங்கியது நல்ல இயந்திரமே. ஆனால் 20ஆம் தேதி வந்தபொழுது கணக்கில் இருந்தது 50,000, குறைவு 76,000. வாடிக்கைக்காரர் தரவேண்டிய பாக்கி வரவில்லை. பாக்கி வரவில்லையென்பது அரசுக்கு விடையாகாது. பில் எழுதிய மாதத்திலேயே வரி கடனாகிவிடுகின்றது. அன்று மாலை தாயார் யாதும் கேளாமற் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார்.

எண்ணிப் பார்க்குங்கால், கணக்கில் இருந்த 1,40,000-இல் எமக்கு உரியது 14,000 மட்டுமே. மற்றது அரசுக்காக வாடிக்கைக்காரர் எம்மிடம் ஒப்புவித்த பொருள். இதுபோன்றதே டி.டி.எஸ். எனப்படும் பிடித்தமும். சம்பளம், ஒப்பந்தக் கூலி, ஆடிட்டர் முதலியோர்க்கான கட்டணம், வாடகை ஆகியவை குறித்த வரம்பைக் கடக்கும்பொழுது, ஒரு பகுதியைப் பிடித்து, பெறுவோர் பெயரில் அரசுக்குச் செலுத்துதல் வேண்டும். தனி வணிகர்க்குச் சிறு விற்பனையாயின் இக்கடமையில் விலக்கு உண்டு. கம்பெனிக்கு முதல் நாளிலிருந்தே இக்கடமை உண்டு. இதற்கென டான் என்னும் தனி எண் பெறவேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்தவேண்டும். மார்ச் மாதத்ததற்கு ஏப்ரல் 30 வரை தவணை. பிடிக்கத் தவறினால் அச்செலவில் நூற்றுக்கு 30 கழிவாக ஏற்கப்படாது. பிடித்துச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது இன்னும் கொடிது. மாதம் நூற்றுக்கு ஒன்றரை வீதம் வட்டி மட்டுமன்றிக் குற்ற வழக்குக்கும் அது இடமாகும்.

வேதாகமம் பயின்ற நமக்கு ஆயக்காரர் என்னும் சொல் நன்கு தெரியும். ஆயத்துறையில் அமர்ந்திருந்த மத்தேயுவையும், மரத்தில் ஏறிய சகேயுவையும் ஞாயிறு பள்ளியிலேயே அறிந்தோம். அவரை வேறோர் இனத்தவராக, நாம் அஞ்சி விலகவேண்டியவராகவே எண்ணியிருந்தோம். இன்றைய சட்டமோ ஒவ்வொரு கம்பெனியையும் ஆயத்துறையாக்கி, அதன் உரிமையாளனை ஆயக்காரனாக அமர்த்திவிட்டது. அவன் பிறரிடம் வரி வாங்குகின்றான். பிறர் கூலியிற் பிடிக்கின்றான். அப்பொருளை ஒப்புவிக்கும்வரை அவன் காவலனே ஆவான். சகேயு மனந்திரும்பியபொழுது நாலத்தனையாகத் திருப்புவேன் என்றான். முன்னமே எடுக்காதிருப்பது அதனினும் எளிது.

கம்பெனிப் பதிவாளருக்குச் செய்யும் கடமைகள் வரியல்ல எனினும் வரிக்கணக்கோடு பிணைந்தவை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தின்பின் 30 நாட்களுக்குள்ளும், ஆண்டு அறிக்கையை 60 நாட்களுக்குள்ளும் தாக்கல் செய்தல் வேண்டும். தாமதித்தால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதற் கட்டணம் வளரும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர் ஐந்தாண்டுகள் அப்பதவிக்குத் தகுதியிழப்பார். 2017-இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டினின்று நீக்கப்பட்டமை இவ்விதிகள் ஏட்டளவில் நிற்பனவல்ல என்பதைக் காட்டும்.

உயிலால் அன்றி விலைக்குக் கம்பெனியை வாங்குவோர்க்கும் ஒரு சொல். பங்கை வாங்குவோன் கம்பெனியைப் பழங்கடனோடு வாங்குகின்றான். உரிமையாளர் மாறினும் கம்பெனி என்னும் ஆள் மாறவில்லையாதலின், சென்ற ஆண்டுகளின் வரிப்பாக்கியும் நோட்டீசும் அதனைத் தொடர்ந்தே வரும். ஆனால் பழைய நட்டம் அங்ஙனம் எளிதில் தொடராது. தொழில் நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை பின்வரும் இலாபத்திற் கழிக்கலாம் என்பது பொதுவிதி. சிறு கம்பெனியின் பங்குரிமையிற் பாதிக்குமேற் கைமாறினால், சில விலக்குகள் ஒழிய, அவ்வுரிமை அற்றுப்போகும். பங்குதாரர் இறப்பால் நேரும் மாற்றம் அவ்விலக்குகளுள் ஒன்று. ஆதலின் விலைபேசுமுன் மூன்று நான்கு ஆண்டுகளின் ரிட்டர்ன்களையும், நிலுவை நோட்டீசுகளையும் ஆடிட்டரைக்கொண்டு பார்த்தல் இன்றியமையாதது.

'லிமிடெட்' என்னும் சொல்லை நம்பி உறங்குவோர் பலர். கடன்காரர்க்குப் பங்கின் அளவே பொறுப்பு என்னும் விதி இங்கிலாந்தில் 1855-இலும், இந்தியாவில் 1857-இலும் சட்டமாயிற்று. வரிக்கடனில் அவ்வரம்பு முழுமையாக உதவாது. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வரியை வசூலிக்க இயலாவிடின், அக்காலத்து டைரக்டர்களிடம் அதனைப் பெறலாம். தம்முடைய பெரும்புறக்கணிப்போ, தவறோ, கடமை மீறலோ அதற்குக் காரணமன்று என்பதை டைரக்டரே நிறுவுதல் வேண்டும். ஆகவே, அடுப்பங்கரையில் இருந்துகொண்டே காகிதங்களிற் கையொப்பமிட்டு வந்த எம் சித்தியாரும் அப்பொறுப்பிற்கு உட்பட்டவரே. இதனை ஆடிட்டர் கூறக்கேட்ட அன்றுமுதல் அவர் படியாத காகிதத்திற் கையெழுத்திடுவதில்லை. தமையனார் அதனால் ஓரிருமுறை சினந்தாலும், கம்பெனிக்கு அதுவே பெருங்காவலாயிற்று.

எம் பட்டறையில் இப்பொழுது நடைபெறும் முறை எளியது. வங்கியில் இரண்டாவதாக ஒரு கணக்குத் தொடங்கினோம். பணம் வந்தவுடனே அதிலுள்ள ஜி.எஸ்.டி.யையும், பிடித்த டி.டி.எஸ்.ஐயும், இலாபத்தில் நான்கிலொரு பங்கு என மதிப்பிட்ட வருமான வரியையும் அக்கணக்குக்கு மாற்றிவிடுகின்றோம். அதனைத் தொடுவதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் 7, 20 ஆகிய தேதிகளுக்கும், முன்வரியின் நான்கு நாட்களுக்கும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கின்றோம். சனிக்கிழமைகளில் யான் சென்று பில்களை அடுக்கிக் கணக்கெழுதுகின்றேன். தமையனார் தம் குடும்பச் செலவுக்கு மாதச்சம்பளம் பெறுகின்றார்; அதற்குமேற் கம்பெனிப் பணத்தை நாடுவதில்லை.

ஒன்பது திங்களுக்குப்பின் தாயாரின் சங்கிலியை மீட்டுக் கொணர்ந்தோம். அதனை அணிந்துகொண்டே அவர் கேட்டார்: "இது கம்பெனிப் பணத்தில் மீட்டதா, உன் சம்பளத்தில் மீட்டதா?"

"என் சம்பளத்தில், அம்மா," என்றார் தமையனார்.

அவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தாயார் எங்ஙனம் அறிந்தாரோ யான் அறியேன். அவ்வேற்றுமையை அறிந்தவரே கம்பெனிக்கு உரிமையாளராகத் தகுதியுடையார் என்பது என் துணிபு.